வீடு கிடைத்தவரும் படுக்கை கிடைத்தவரும்

உடுப்பிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1920-களில் சென்னைக்கு வந்தவர் கே. கிருஷ்ண ராவ். ஓட்டல் அடுப்படியில் தொடங்கிய வாழ்க்கை. 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். பிறகு மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962-இல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். காரில் உட்கார்ந்தபடியே மசால் தோசை சாப்பிட்ட அந்த இடம் 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆனது. மூடியபோது வருத்தப்பட்ட சென்னைவாசிகளில் எத்தனை பேர் அதை வெளியூர்க்காரர் கடை என்று நினைத்திருப்பார்கள்? இன்றைக்கும் சில உடுப்பி ஓட்டல் சாம்பாரில் வெல்லத்தின் சாயல் தட்டுப்படும். மயிலாப்பூர் நாக்குக்கு அது பழகிப்போய்விட்டது.

அதே ராதாகிருஷ்ணன் சாலைக்கும் மாட வீதிகளுக்கும் இடையில் உள்ள பல ஓட்டல்களின் அடுப்படியை இன்று எட்டிப் பார்த்தால், தோசைக்கல்லுக்கு முன்னால் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ அசாம்காரரோ நிற்கிறார். நூறு வருட இடைவெளியில் அதே தொழில், அதே ஊர். ஆனால் கிருஷ்ண ராவ் சென்னைக்காரர் ஆனார். இவர்களில் பெரும்பாலோர் பல வருடம் உழைத்த பிறகும் 'வடக்கத்திப் பையன்' என்ற பெயரோடுதான் ரயில் ஏறுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மொழி தெரியவில்லை, நம்மோடு ஒட்டமாட்டேன் என்கிறார்கள், சம்பாதித்ததும் ஓடிவிடுவார்கள் என்றெல்லாம் பதில் வரும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளின் நூறு வருடக் குடியேற்றக் கதையைப் புரட்டிப் பார்த்தால் எனக்குத் தோன்றும் பதில் வேறு. வேலையிடம் ஒருவரைச் சில மாதங்களில் பழக்கிவிடுகிறது. ஊரோடு ஒட்டவைப்பது வீடுதான். குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். தூங்க ஒரு படுக்கை மட்டும் கிடைத்தவர்களுக்கு அது நடக்கவில்லை.

இந்தக் கேள்வியை உளவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். கனடாவைச் சேர்ந்த ஜான் பெரி வகுத்த முறைதான் அதிகம் எடுத்தாளப்படுவது. அவர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். வந்தவர் தன் பழைய பண்பாட்டைக் காப்பாற்ற விரும்புகிறாரா? புதிய ஊராரோடு பழக விரும்புகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் இணைந்து வாழ்தல். முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் பிடித்தால் கரைந்துபோதல். முதலாவதை மட்டும் பிடித்தால் ஒதுங்கி வாழ்தல். இரண்டும் இல்லையென்றால் எங்கும் சேராமல் விளிம்பில் நிற்றல். இணைந்து வாழ்பவர்களே மனநலத்தோடு இருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பாகுபாடு நன்றாகத்தான் இருக்கிறது. வந்தவர் எதை விரும்புகிறார் என்பதோடு, இருக்கும் ஊர் எதை அனுமதிக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும் என்று பெரியே சொல்லியிருக்கிறார். ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960-இல் எழுதிய 'பண்பாட்டு அதிர்ச்சி'க் கட்டுரையில், புது ஊரில் முதலில் ஒரு தேனிலவுக் காலம் உண்டு, அதன் பிறகே சலிப்பும் தடுமாற்றமும் வரும் என்கிறார். பெரிய ஓட்டலில் தங்கி வேலையைத் தொடங்கும் அதிகாரிக்கு அது பொருந்தலாம். சென்ட்ரலில் இறங்கிய அன்றே மேஸ்திரியோடு கட்டட வேலைக்குப் போகிறவருக்குத் தேனிலவு ஏது?

மயிலாப்பூருக்கு வெளியார் வருவது புதிதல்ல. சாந்தோமில் போர்த்துகீசியர் குடியேறி 500 வருடம் ஆகிறது. ஆனால் குடியேற்றம் என்ற கேள்விக்கு மயிலாப்பூர் தரும் முக்கியமான சாட்சி தெலுங்கர்கள். லஸ் பகுதியில் காலையில் நடைபயிற்சிக்குப் போகும் நாகேஸ்வர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சன் தைலத்தையும் 'ஆந்திர பத்திரிகா'வையும் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரில் இருக்கிறது. 1937-இல் ஆந்திரத் தலைவர்கள் தனி மாநிலக் கோரிக்கையில் ஒன்றுபட ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இங்கிருந்த அவரது வீட்டில்தான். தனி ஆந்திரம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952-இல் உண்ணாவிரதம் இருந்ததும் மயிலாப்பூரில். டிசம்பர் 15 அன்று உயிர் பிரிந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தது, சென்னை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு கசப்புக்குப் பிறகு தெலுங்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. 2011 கணக்கெடுப்பிலும் சென்னையில் தமிழுக்கு அடுத்தபடியாகத் தாய்மொழி என்று அதிகம் பேர் சொன்னது தெலுங்கைத்தான். தியாகராய நகரில் தெலுங்கு சினிமாக்காரர்கள் வீடு கட்டினார்கள். பசுல்லா சாலையில் என்.டி. ராமராவ் வீடு இருந்தது. நடிகர் சித்தூர் வி. நாகையா தொடங்கிய தியாக பிரம்ம கான சபாவின் வாணி மகாலில் இன்றும் கச்சேரி நடக்கிறது. அவர்கள் தங்கியதற்குக் காரணம் தமிழ் மீது வந்த காதல் என்று சொல்ல நான் தயாரில்லை. பட்டா இருந்தது, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டோடு பழக்கம் இருந்தது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ் என்ற ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அதுகூட இந்த ஊரில் இருந்துகொண்டு நடத்திய வழக்குதான்.

இதற்கு நேர்மாறான சாட்சி ஈழத்தமிழர். மொழி ஒன்று, கும்பிடும் சாமியும் பெரும்பாலும் ஒன்று. 'கதைக்கிறது' என்ற சொல்லைக் கேட்டு முதலில் சிரித்தாலும் இரண்டு நாளில் பழகிவிடும். மொழிதான் ஒட்டவைக்கிறது என்றால் 1983-க்குப் பிறகு வந்த இவர்களே முதலில் சென்னைக்காரர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அவர்களுக்கு இங்கே வீடு கிடைப்பதே பெரும்பாடு ஆயிற்று. வாடகைக்குக் கேட்டுப் போனால் பேச்சில் இலங்கை வாடை அடித்த உடனே கதவு சாத்தப்பட்டது. அகதி முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டே வாழ வேண்டியிருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுக்காரர்களைத்தான் சொன்னது. இலங்கை அதில் இல்லை. ஒரே மொழி பேசி நாற்பது வருடம் வாழ்ந்தும் அகதி அகதியாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடையாற்றின் கதை கொஞ்சம் ஆடம்பரமானது. 1882-இல் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் பிரம்மஞான சபையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆல்காட் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு 1894-இல் பள்ளி தொடங்கினார். 1939-இல் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க வந்த மரியா மாண்டிசோரி, போர் மூண்டதால் இத்தாலியர் என்ற காரணத்துக்காகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் கதகளி ஆசான் சந்து பணிக்கர் கேரளத்திலிருந்து வந்து கற்பித்தார். இவர்கள் அனைவருக்கும் வேலையும் இருப்பிடமும் ஒரே வளாகத்துக்குள் மரநிழலோடு கிடைத்தன. மதிப்பும் கிடைத்தது. அப்படி வந்தவர்கள் ஊருக்குப் பொருந்துவதற்கு முன்பே ஊர் அவர்களுக்குப் பொருந்தத் தொடங்கிவிடும்.

இன்றைய அடையாற்றிலும் அவர்களுக்கு வாரிசுகள் உண்டு. 1996-இல் ஹூண்டாய் வந்ததிலிருந்து கொரியர்கள் வருகிறார்கள். ஜப்பானியர்களும் வருகிறார்கள். கொரியப் பண்பாட்டுக்கென்று இன்கோ மையம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. 2000-இல் திறந்த டைடல் பார்க்கும் அதைத் தொடர்ந்து வளர்ந்த பழைய மகாபலிபுரம் சாலையும் தில்லி, புணே, கொல்கத்தா இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தன. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் இந்தி, சாப்பாட்டுக்குச் செயலி. பத்து வருடம் இருந்தும் 'தமிழ் தெரியாது' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் பேசக் கற்ற மேலாளரை அடுக்குமாடிகளில் யாரும் பார்க்கலாம். அவர் வீட்டுக்குச் சப்பாத்தி போட வரும் ஜார்க்கண்ட் பெண் ஆறே மாதத்தில் கீரைக்காரம்மாவோடு பேரம் பேசுகிறார். பழகிக்கொள்ளும் பாரம் சம்பளம் குறைந்தவர் தலையில்தான் விழுகிறது. மேலாளரை யாரும் 'ஒட்டமாட்டேன் என்கிறார்' என்று குறை சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தியாகராய நகரில் நிலைமை வேறு. ரங்கநாதன் தெருவின் துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் பல வருடங்களாக நின்றவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். அதே மாநிலம்தான், ஆனாலும் அவர்களும் குடியேறியவர்களே. நெல்லைப் பேச்சைக் கடைக்குள் அடக்கி வாசிக்கப் பழகுவதுதான் முதல் பாடம். கடைக்காரர் ஏற்பாடு செய்த விடுதியில் பாய், கடைக்காரர் நடத்தும் மெஸ்ஸில் சாப்பாடு, வார்டன் அனுமதித்தால் வெளியே போகலாம். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது பலருக்கு அது செய்தியாக இருந்தது. தினமும் அங்கே துணி எடுத்தவர்களுக்கே செய்தியாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல்தான் திருத்தம் வந்தது. உட்காரும் உரிமைக்கே அவ்வளவு காலம் ஆனது. விடுதியில் இருப்பவருக்கு வேலை முடிந்தாலும் முதலாளியின் கூரைதான். வேலையை விட்டால் அன்றிரவே தங்க இடமும் போய்விடும். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதும் ஆய்வு நூல்களில் இந்த வாழ்க்கைக்கு அத்தியாயம் கிடையாது.

அதே தியாகராய நகரில் வாழ்ந்த இன்னொரு குடியேறியையும் நினைத்துக்கொள்ளலாம். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன், தந்தை இறந்த பிறகு 1952-இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டுடியோவில் பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டும் வேலை. விட்டு வந்த ஊரை '18வது அட்சக்கோடு' நாவலில் எழுதினார். வந்து சேர்ந்த ஊரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் 'தண்ணீர்' நாவலில் எழுதினார். சென்னையின் நடுத்தரத் தெருக்களை அவர் அளவுக்குத் துல்லியமாக எழுதிய சென்னைக்காரர் யாரும் இல்லை என்பது என் கணிப்பு. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்ற குடும்பத்துக்காரருக்குத்தான் அந்த நாவல் வாய்க்கும்.

இனி மறுபடி ஓட்டல் அடுப்படிக்கு. புதிதாக வந்தவர் முதலில் கற்கும் தமிழ் எண்களும் பண்டங்களின் பெயரும்: ரெண்டு கீ ரோஸ்ட், ஒரு ஆனியன் ஊத்தப்பம், சாம்பார் இட்லி ஒண்ணு. அடுத்துக் கற்பது ஏவல்: எடு, வை, துடை, சீக்கிரம் வா. சப்ளையராக உயர்ந்து மேசைக்கு வரும்போது, எழுபது வயதுப் பெரியவரிடம் சிரித்த முகத்தோடு 'என்ன சாப்பிடற?' என்கிறார். பெரியவருக்குச் சுருக்கென்று படுகிறது. பையன் மேல் தப்பில்லை. 'வாங்க', 'சொல்லுங்க' என்று அவரிடம் யாரும் பேசியிருந்தால்தானே அது அவர் காதில் விழுந்திருக்கும்? ஆனால் 'அண்ணா' என்பதை மட்டும் அவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முதலாளி அண்ணா, வாடிக்கையாளர் அண்ணா, போலீஸ்காரரும் அண்ணா. பதிலுக்கு நாம் அழைப்பது 'பையா', முதுகுக்குப் பின்னால் 'வடக்கன்'. இந்தி படித்தவர்கள் பானிபூரி விற்கிறார்கள் என்று 2022-இல் அமைச்சர் ஒருவர் பட்டமளிப்பு விழா மேடையில் பேசியது நினைவிருக்கலாம். இந்தித் திணிப்பை எதிர்ப்பதற்கு வலுவான வாதங்கள் எத்தனையோ இருக்க, பானிபூரி விற்பவரை ஏன் இழுக்க வேண்டும் என்பது அன்றே எனக்குப் புரியவில்லை.

இரவு பதினொன்றுக்கு அடுப்பு அணைந்த பிறகு இவர்கள் போய்ச் சேருவது மாம்பலத்திலோ வேளச்சேரியிலோ ஆறேழு பேர் பங்கு போட்ட ஒரே அறைக்கு. முறை வைத்துச் சமைக்கிறார்கள். நாள் முழுக்கச் சாம்பார் கிளறிய கை, அங்கே கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு வதக்குகிறது. பண்டிகை என்றால் வங்காளிகளுக்குத் தியாகராய நகரில் பெங்கால் அசோசியேஷனின் துர்கா பூஜையும் மேற்கு மாம்பலத்தில் காளிபாரியும் இருக்கின்றன. அவை முன்பே வந்து வீடு பிடித்துக்கொண்டவர்கள் கட்டியவை. சலூனில் வேலை பார்க்கும் அசாம் பையனுக்கு அந்த மாதிரி எதுவும் எட்டுவதில்லை. கைபேசித் திரையில் அம்மா முகம், அவ்வளவுதான்.

குடும்பத்தோடு வந்தவரின் கதை இங்கேதான் பிரிகிறது. மனைவி தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறாள், பக்கத்து வீட்டு அக்காவிடம் தமிழ் கற்கிறாள். பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டு வளரும் பிள்ளை, வீட்டில் ரொட்டியைப் பார்த்து முகம் சுளிக்கிறது. இரண்டு வருடத்தில் அப்பாவின் வங்கிப் படிவத்தை அதுதான் நிரப்புகிறது. நான் கவனித்த வரையில், கணவன் வேலையிடத்தில் வருடக்கணக்கில் கற்காத தமிழை மனைவியும் பிள்ளையும் தெருவில் கற்றுவிடுகிறார்கள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருவோம். தொழிலாளர் துறை எடுத்த ஒரு கணக்கெடுப்பு மாநிலத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்றது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சென்னையில். அது 2016 வாக்கில் வந்த எண். தெருவைப் பார்த்தால் இப்போது இன்னும் கூடுதல் என்று யாருக்கும் தெரியும்.

இவர்களுக்கு ஊரோடு உள்ள ஒட்டு எவ்வளவு மெல்லியது என்று மூன்று தடவை தெரிந்தது. 2012 ஆகஸ்டில் தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியதும் வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். 2020 ஊரடங்கில் வேலை நின்ற அன்றே பலருக்குச் சாப்பாடும் நின்றது, நடந்தாவது போகிறோம் என்று சாலைக்கு வந்தார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. இங்கே அரசும் காவல் துறையும் இந்தியில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் நம்பிக் கேட்க ஒரு வீடு இருப்பவர் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அறையில் இருக்கும் ஏழு பேருக்கும் வந்தது அதே காணொளி என்றால் மிச்சம் இருப்பது ரயில் நிலையம்தான்.

வெளிநாடு போன நம்மவர் கதையும் இதையே சொல்கிறது. வளைகுடாவில் லேபர் கேம்ப் கட்டிலில் இருபது வருடம் கழித்த ராமநாதபுரத்துக்காரர் துபாய்க்காரர் ஆகவில்லை, ஆகவும் விடமாட்டார்கள். சிங்கப்பூரில் 2020-இல் கொரோனா பெரிய அளவில் கொத்துக் கொத்தாகப் பரவியது தமிழரும் வங்கதேசத்தவரும் நெருக்கியடித்துத் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகளில். அதே சிங்கப்பூரில் குடும்பத்தோடு குடியேறிய தமிழர் அமைச்சராகிறார், அவர் மொழி ஆட்சிமொழி. ஜெர்மனி 1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆளெடுத்தது, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று நம்பியது. குடும்பங்கள் வந்து பேரப்பிள்ளைகளும் பிறந்த பிறகு, 2005-இல்தான் சட்டம் போட்டு மொழி வகுப்பு நடத்தத் தொடங்கியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்றது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அடையாற்றில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் பெண் தொழிலாளர்களுக்கு மாபெரும் குடியிருப்பு திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதன் அளவைச் சொல்லும்போது 18,720 படுக்கைகள் என்றுதான் சொல்கிறோம். அரசும் ஆட்களைப் படுக்கையில்தான் எண்ணுகிறது. கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும் அந்தப் பெண் எங்கே போவாள் என்பதற்குத் திட்டம் இல்லை.

அரசு மட்டும் காரணமல்ல. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் 'டு-லெட்' பலகைக்குக் கீழே 'சைவம் மட்டும்', 'குடும்பம் மட்டும்' என்று எழுதியிருப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. அதையும் தாண்டினால் பத்து மாத அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' என்ற இடுக்கு வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே நுழைகிறது. மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் தோசை மாஸ்டர் எண்பதாயிரமும் ஒரு லட்சமும் எங்கே போய்ப் புரட்டுவார்? மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு ஏழு பேரோடு அறையில் படுத்துக்கொள்கிறார்.

இதைப் படிப்பவர்களில் வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அடுத்த முறை வீடு கேட்டு வருபவர்களை, பெயரைக் கேட்டும் பேச்சைக் கேட்டும் 'வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்' என்று திருப்பி அனுப்பாதீர்கள். மூன்று மாத முன்பணம் வாங்குங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்து கொடுங்கள். ஆதாரில் முகவரி மாற்றவும், கேஸ் இணைப்பு வாங்கவும், வங்கிக் கணக்கு தொடங்கவும் அந்தக் காகிதம் உதவும். குடும்பத்தை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.